பம்ப்-ஆஃப் கன்ட்ரோலர் கிணற்றை நிறுத்துகிறது, எக்கோ அளவீடோ திரவம் இருப்பதாகக் காட்டுகிறது: எதை நம்புவது?

கிணற்றடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கருவிப் பிரிவில் பணிபுரிகிறேன். சக்கர் ராடு பம்பு (மேலிருந்து நீண்ட எஃகு ராடுகளால் இயக்கப்படும் பம்பு) பொருத்திய எண்ணெய்க் கிணறுகளில், பம்பு நிரம்பாதபோது அதை நிறுத்தும் கன்ட்ரோலர்களைப் பராமரிக்கும் பொறுப்பு கடந்த ஓராண்டாக என்னிடம் இருக்கிறது. அவற்றுள் ஒரு கிணறு சில வாரங்களாக என்னைக் குழப்பி வருகிறது.

பம்பின் ஆழம் 1,500 மீட்டர். பம்பினுள் ஏறி இறங்கும் பிளஞ்சர் ஒன்றே முக்கால் அங்குலம், ராடுகள் முழுவதும் முக்கால் அங்குலம், சிங்க்கர் பார் (ராடுகளின் அடியில் சேர்க்கும் கனத்த தண்டு) எதுவும் இல்லை. ஸ்ட்ரோக் நீளம் 2.2 மீட்டர், வேகம் நிமிடத்திற்கு 8 ஸ்ட்ரோக். எண்ணெயும் நீரும் கலந்த திரவத்தின் சராசரி அடர்த்தியை 0.9 என்று எடுத்துக்கொள்கிறோம். ராடுகளைத் தூக்கும் கேரியர் பாருக்கும், மேல்முனை ராடான பாலிஷ்ட் ராடின் கிளாம்புக்கும் இடையே 50,000 பவுண்டு வரை அளக்கும் லோடு செல் (சுமை உணரி) ஒன்றும், மேலும் கீழும் ஆடும் வாக்கிங் பீமின் மேல் ராடின் நிலையை அறியச் சாய்வுமானியும் பொருத்தப்பட்டுள்ளன. கன்ட்ரோலர் மேற்பரப்புக் கார்டின் (ராடின் நிலைக்கு எதிராக லோடைக் காட்டும் வரைபடம்) செட் பாயிண்டைக் கொண்டு முடிவெடுக்கிறது. குறைந்தபட்ச ஓட்ட நேரம் 20 நிமிடம், ஓய்வு நேரம் 10 நிமிடம் என்று அமைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் ஓடியதும் 'பம்ப்-ஆஃப்' (பம்பு நிரம்பவில்லை) என்று அறிவித்துக் கன்ட்ரோலர் நிறுத்திவிடுகிறது. தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நாளொன்றுக்கு 16 கன மீட்டர் கிடைத்தது. இப்போது 11 கன மீட்டரைத் தாண்டுவதில்லை. கிணறு வற்றியிருக்கும் என்று எண்ணி ஒலித் துடிப்பு எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு அளக்கும் எக்கோ கருவியால் திரவ மட்டத்தை அளந்தோம். மட்டம் 1,100 மீட்டரில், அதாவது பம்புக்கு மேல் 400 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதே நேரத்தில் ஆழத்தில் பம்பில் நடப்பதைக் காட்டும், திரையில் தெரியும் பம்புக் கார்டும் முழுதாக நிரம்பியதாக இல்லை. என் கணிப்பில் 60 விழுக்காடுதான் நிரம்புகிறது.

வால்வுச் சோதனையும் செய்து பார்த்தேன். மேல் ஓட்டத்தில் பிரேக் பிடித்து நிறுத்தியபோது லோடு 6,000 கிலோ; கீழ் ஓட்டத்தில் நிறுத்தியபோது 3,900 கிலோ. இரண்டும் அரை நிமிடம் வரை அசையாமல் நின்றன. செட் பாயிண்டைத் தளர்த்தி, 50 விழுக்காடு நிரம்பினாலே போதும் என்று அமைத்துவிடலாமா? அல்லது வேறு ஏதாவது பிழை இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ராடுலிஃப்ட் (மறுமொழி)

வணக்கம். செட் பாயிண்டைத் தளர்த்துவதில் தவறில்லை என்பது என் கருத்து. திரவம் 400 மீட்டர் நிற்கும்போது கிணற்றை நிறுத்துவதால் உற்பத்திதான் போகிறது. நாங்கள் பராமரித்த கிணறுகள் சிலவற்றில் வாயு அதிகம் வந்ததால் பம்பு எப்போதுமே பாதியளவுதான் நிரம்பியது. கன்ட்ரோலர் அதை வற்றிய கிணறு என்று எண்ணி அடிக்கடி நிறுத்தியது. செட் பாயிண்டை இறக்கிய பிறகே உற்பத்தி மீண்டது. உங்கள் கிணற்றிலும் வாயுத் தொல்லைதான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அலைநோக்கி (மறுமொழி)

ராடுலிஃப்ட் சொல்வதுபோல வாயு இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்ட நண்பர் கொடுத்துள்ள எண்களே லோடு செல்லின் மேல் ஐயம் எழுப்புகின்றன. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலில் ராடுகளின் எடை. முக்கால் அங்குல ராடு இணைப்புகளோடு சேர்த்து மீட்டருக்கு ஏறத்தாழ 2.43 கிலோ. 1,500 மீட்டருக்குக் காற்றில் 3,645 கிலோ. திரவத்தில் மூழ்கியிருப்பதால் மிதப்பு விசை போக, 0.885 என்ற பெருக்கலோடு, 3,230 கிலோவுக்கு அருகில் வரும். கீழ் ஓட்டத்தில் நிறுத்தும்போது பிளஞ்சரில் உள்ள டிராவலிங் வால்வ் திறந்திருக்கும், திரவத்தின் சுமையைப் பம்பின் அடியில் உள்ள ஸ்டாண்டிங் வால்வ் தாங்கிக்கொள்ளும், ராடுகளின் எடை மட்டுமே லோடு செல்லின் மேல் நிற்கும். ஆகவே 3,230 கிலோ காட்ட வேண்டிய இடத்தில் 3,900 கிலோ காட்டுகிறது. திரவத்தின் அடர்த்தியை நாம் தவறாகக் கணித்திருந்தாலும், முழு ராடு வரிசையையும் வெளியே எடுத்துக் காற்றில் தொங்கவிட்டாலும், 3,645 கிலோவுக்கு மேல் போக வழியில்லை. ஸ்டாண்டிங் வால்வ் கசிந்தால் திரவச் சுமை மெல்ல மெல்ல ராடுகளுக்கு மாறி எண் ஏறிக்கொண்டே போகும். நீங்களோ அரை நிமிடம் அசையாமல் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து திரவச் சுமை. பிளஞ்சரின் பரப்பு 15.5 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 1,500 மீட்டர் திரவம் நின்று, கீழே அழுத்தம் ஏதும் இல்லையென்று வைத்துக்கொண்டால், சுமை ஏறத்தாழ 2,100 கிலோ வரும். உங்கள் இரு அளவுகளின் வேறுபாடும் சரியாக 2,100 கிலோதான். வேறுபாடு சரியாக இருக்கிறது, இரண்டு எண்களும் ஒரே திசையில் ஏறத்தாழ 700 கிலோ உயர்ந்திருக்கின்றன. இது லோடு செல்லின் சுழியம் (சுமையில்லாத நிலையின் அளவு) நகர்ந்ததன் அடையாளம். பாலிஷ்ட் ராடைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் இறுக்கமாக இருந்தால் மேல் ஓட்டத்தில் லோடு கூடும், கீழ் ஓட்டத்தில் குறையும், வேறுபாடு விரியும். இங்கே அப்படி நடக்கவில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். வேறுபாடு இவ்வளவு முழுமையாக வருவது, பிளஞ்சருக்குக் கீழே அழுத்தம் மிகக் குறைவு என்பதையும் சொல்கிறது. உண்மையாகவே 400 மீட்டர் எண்ணெய் நின்றிருந்தால் அது பிளஞ்சரைக் கீழிருந்து தாங்கி, வேறுபாடு 1,550 கிலோ அளவுக்குச் சுருங்கியிருக்கும். இது எக்கோ அளவீட்டைப் பற்றிய கேள்வியை எழுப்புகிறது. அதை இன்னொருவர் விளக்கட்டும்.

700 கிலோ என்பது மின்னளவில் எவ்வளவு சிறியது என்பதைப் பாருங்கள். 50,000 பவுண்டு என்றால் 22,700 கிலோ. வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 20 மில்லிவோல்ட் கிடைக்கும். 700 கிலோவுக்கு 0.6 மில்லிவோல்ட். இணைப்பானுக்குள் சிறிது ஈரம் புகுந்தாலே இந்த அளவு பிழை வந்துவிடும். தொடர்ந்து ஓடும் கிணற்றில் லோடு செல்லின் கேபிள் பாலிஷ்ட் ராடோடு சேர்ந்து நாளொன்றுக்கு 11,000 முறைக்கு மேல் ஏறி இறங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதனால் கன்ட்ரோலர் ஏன் ஏமாறுகிறது என்பதும் விளங்கும். மேற்பரப்புக் கார்டின் செட் பாயிண்ட் என்பது கீழ் ஓட்டத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்திற்குக் குறிக்கப்பட்ட ஒரு லோடு. பம்பு நிரம்பியிருந்தால் அந்த இடத்தை அடைவதற்கு முன்பே லோடு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் பம்பு நிரம்பவில்லை என்று பொருள். கார்டு முழுவதும் 700 கிலோ மேலே ஏறிவிட்டால், பம்பு நிரம்பியிருந்தாலும் கோடு அந்தப் புள்ளிக்கு மேலேயே ஓடும். நீங்கள் கொடுத்த இன்னொரு செய்தியும் இதை உறுதி செய்கிறது. ஒவ்வொரு முறையும் நிறுத்தம் 20-ஆம் நிமிடத்தில் வருகிறது. நீங்கள் அமைத்த குறைந்தபட்ச ஓட்ட நேரமும் அதே 20 நிமிடம். கிணறு தானாக வற்றும்போது நேரம் ஒரு நாளைக்கு ஒரு நாள் மாறும். கன்ட்ரோலர் முதல் ஸ்ட்ரோக்கிலிருந்தே பம்ப்-ஆஃப் என்று முடிவு செய்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட நேரம் முடியும் வரை காத்திருக்கிறது. 20 நிமிட ஓட்டம், 10 நிமிட ஓய்வு என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விடுகிறது. 16 கன மீட்டர் 11-க்கு வந்ததும் அதே கணக்குதான்.

பாலிஷ்ட் ராடை ஸ்டஃபிங் பாக்ஸின் மேல் கிளாம்பு போட்டுத் தாங்கவிட்டு, கேரியர் பாரை மெதுவாக இறக்கி, லோடு செல்லின் மேல் எந்தச் சுமையும் இல்லாத நிலையில் எண்ணைப் படியுங்கள். பிரேக்கையும் அதன் பூட்டையும் போடாமல், மின்சாரத்தைத் துண்டிக்காமல் இதைச் செய்யவே கூடாது. எதிரெடைகள் தாமாகச் சுழன்றுவிடும். செல் அமர்ந்திருக்கும் தளம் மட்டமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தளம் சாய்ந்திருந்தால் சுமை ஓரத்தில் விழுந்து, சுழியம் சரியாக இருக்கும்போதும் அளவு பிழைபடும்.

மின்னளவி (மறுமொழி)

லோடு பற்றி அலைநோக்கி முழுமையாகச் சொல்லிவிட்டார். நிலையளவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

நிமிடத்திற்கு 8 ஸ்ட்ரோக் என்றால் ஒரு சுற்றுக்கு 7.5 நொடி. சாய்வுமானியின் குறிப்பு, வடிகட்டியின் காரணமாகவோ தாமதமாக மாதிரி எடுப்பதாலோ, 0.1 நொடி பின்தங்கினால் கிராங்கின் சுழற்சியில் அது 5 பாகைக்கு அருகில் வரும். ஸ்ட்ரோக்கின் இரு முனைகளிலும் ராடு நின்று திரும்புவதால் பிழை தெரியாது. நடுவில் ராடு நொடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் போகும்போது 9 சென்டிமீட்டர் தவறும். மேல் ஓட்டத்தில் ஒரு திசையிலும் கீழ் ஓட்டத்தில் எதிர்த் திசையிலும் தவறும். இதனால் கார்டின் பரப்பே மாறிவிடும்.

பம்புக் கார்டு என்பது நேரடியாக அளந்தது அன்று, மேலே அளந்த லோடிலிருந்தும் நிலையிலிருந்தும் கணக்கிட்டது. 1936-இல் கில்பர்ட் என்பவர் ஆழத்தில் பம்புக்கு அருகிலேயே பதிவு செய்யும் கருவியைப் பயன்படுத்தினார். 1960-களில் ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிய சாம் கிப்ஸ் அலைச் சமன்பாட்டின் வழியாக மேற்பரப்பு அளவுகளிலிருந்து பம்பில் நடப்பதைக் கணக்கிடும் முறையைத் தந்தார். இன்று பம்புக் கார்டைக் கணக்கிடும் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் செல்கின்றன. எஃகு ராடில் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 4,900 மீட்டர் செல்வதால், 1,500 மீட்டரைக் கடக்க 0.3 நொடி ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு நேரத்தைத் தவறவிட்டுவிட்டு, பம்புக் கார்டின் வடிவத்தை நம்ப முடியாது.

இத்துடன் தணிப்பு எண்ணையும் (கணக்கீட்டில் உராய்வைக் கழிக்கும் எண்) பாருங்கள். அது குறைவாக இருந்தால் உராய்வு முழுவதும் கழியாமல் கார்டு உப்பிக் காணப்படும். அதிகமாக இருந்தால் நடுவில் ஒடுங்கி, சில நேரம் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். நீங்கள் கணித்த 60 விழுக்காடு சரியாகவும் இருக்கலாம். ஆனால் முனைகளைக் குறித்து நிலையளவைச் சரிபார்த்த பிறகே அந்த எண்ணைப் பேச வேண்டும்.

கேசிங்வால்வ் (மறுமொழி)

எக்கோ அளவீட்டைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எக்கோ கருவி பொய் சொல்லவில்லை. வாயுத் துடிப்பு 1,100 மீட்டரில் ஒரு மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பியது உண்மை. அந்த மேற்பரப்புக்குக் கீழே இருப்பது முழுவதும் திரவம் என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் தவறு. கேசிங் (கிணற்றின் வெளிக்குழாய்) வழியாக வாயு குமிழியிட்டு ஏறிக்கொண்டிருக்கும் கிணற்றில் அந்த 400 மீட்டரும் நுரைத்த தூணாக இருக்கும்.

இதை இரண்டு வழிகளில் அறியலாம். முதலாவது, கேசிங் வால்வை மூடிவிட்டுச் சில நிமிடங்கள் அழுத்தம் ஏறுவதைக் குறிப்பது. ஐந்தரை அங்குலக் கேசிங்கில் இரண்டேமுக்கால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டிய வழக்கமான டியூபிங் (எண்ணெய் மேலேறும் உள்குழாய்) இருப்பதாகக் கொண்டால், 1,100 மீட்டர் வாயு நிற்கும் இடத்தின் கொள்ளளவு 9 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து நிமிடத்தில் அழுத்தம் 0.3 பார் ஏறினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 கன மீட்டர் வாயு அந்தத் தூணின் ஊடாக வந்துகொண்டிருக்கிறது என்று கணக்கிடலாம். இரண்டாவது வழி மெதுவானது, ஆனால் எனக்கு அதிக நம்பிக்கை தருவது. கேசிங் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி நிலைக்க விட்டு, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று மீண்டும் அளப்பது. தூண் முழுவதும் எண்ணெயாக இருந்தால் ஒவ்வொரு 0.088 பாருக்கும் ஒரு மீட்டர் இறங்க வேண்டும். அதைவிட வேகமாக இறங்கினால் தூணில் திரவத்தின் பங்கு அந்த அளவுக்குக் குறைவு.

ராடுலிஃப்ட் சொன்னதை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் செட் பாயிண்டை 50-க்கு இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டால், கிணறு உண்மையாகவே வற்றும் நாளில் கன்ட்ரோலர் காப்பாற்றாது. பிளஞ்சர் பாதி வெறுமையான பம்பு உருளையில் வேகமாக இறங்கித் திரவத்தில் மோதும். அந்த அடி ராடுகளிலும் கியர்பெட்டியிலும் இறங்கும். வாயுவா, வற்றலா என்பதைக் கார்டின் வடிவமே பெரும்பாலும் சொல்லிவிடும். வற்றிய பம்பில் கீழ் ஓட்டத்தின் லோடு சற்று நேரம் உயர்ந்து நின்று திடீரென்று செங்குத்தாக விழும். வாயு இருந்தால் அது மெத்தைபோல அமுங்குவதால் லோடு வளைந்து மெல்ல இறங்கும். வற்றிய கிணறு ஓய்வுக்குப் பின் முழுதாக நிரம்பித் தொடங்கி, ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் சீராகக் குறையும். வாயுக் கிணற்றில் நிரம்பும் அளவு ஒழுங்கின்றி ஏறி இறங்கும்.

கிணற்றடி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சுமையில்லாத நிலையில் லோடு செல் 680 கிலோ காட்டியது. இணைப்பானைக் கழற்றியபோது உள்ளே பச்சை படிந்த ஊசிகளும் ஈரமும் இருந்தன. கிளாம்புக்கு அருகில் உரசி உரசிக் கேபிளின் மேலுறை ஒரு விரல் நீளத்திற்குக் கிழிந்திருந்தது. மழைநீர் அந்த வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கேபிளை மாற்றியபின் சுழியம் 20 கிலோவுக்குள் வந்துவிட்டது. வால்வுச் சோதனை இப்போது 5,330, 3,240 என்று காட்டுகிறது. அலைநோக்கி ஐயா காகிதத்தில் போட்ட கணக்கும் களத்தில் வந்த எண்ணும் இவ்வளவு நெருங்கியதைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. சாய்வுமானியில் பெரிய பிழை இல்லை. மேல் முனையில் சிறிது நகர்த்த வேண்டியிருந்தது.

நிறுத்தங்கள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. இப்போது ஒரு முறை 35 நிமிடத்தில், அடுத்த முறை ஒரு மணி 10 நிமிடத்தில் என்று மாறி மாறி வருகிறது. கார்டில் கீழ் ஓட்டத்தின் கோடு வளைந்துதான் இறங்குகிறது. கேசிங் அழுத்தத்தை 5 பார் உயர்த்தியபோது மட்டம் 130 மீட்டர் இறங்கியது. இதை எப்படிப் படிப்பது? மேலும், நகரும் கார்டின் மிகக் குறைந்த லோடு 2,700 கிலோவாக இருக்கிறது. நிறுத்தி அளக்கும் 3,240-ஐவிட இது குறைவு. சுழியம் இப்போது எதிர்ப்பக்கம் நகர்ந்துவிட்டதா?

கேசிங்வால்வ் (மறுமொழி)

5 பாரை 130 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 0.0385 பார். எண்ணெயின் 0.088-உடன் ஒப்பிட்டால் தூணில் திரவம் 44 விழுக்காடுதான். 400 மீட்டர் நுரைத்தூண் தரும் அழுத்தம் 15 பார். முழு எண்ணெயாக இருந்தால் 35 பார் தந்திருக்கும். அதாவது உங்கள் பம்புக்கு மேல் நிற்பது 175 மீட்டர் எண்ணெய்க்குச் சமமானது. வாயு தொல்லை தருகிறது என்பது இப்போது அளவோடு தெரிந்துவிட்டது.

கன்ட்ரோலரைப் பம்புக் கார்டின் நிரம்பும் அளவுக்கு மாற்றுங்கள். லோடு செல்லின் சுழியம் சற்று நகர்ந்தாலும் கார்டின் வடிவம் மாறாது என்பதால் இந்த முறை பழைய பிழைக்கு எளிதில் ஆளாகாது. தொடர்ச்சியாகச் சில ஸ்ட்ரோக்குகள் குறைந்தால் மட்டுமே நிறுத்துமாறு அமையுங்கள். வேகம் மாற்றும் டிரைவ் பொருத்த வாய்ப்பிருந்தால் நிறுத்துவதற்குப் பதில் வேகத்தைக் குறைப்பது நல்லது. கியர்பெட்டியின் பற்களுக்கு எண்ணெய் எட்டாத அளவுக்குக் குறைத்துவிடக் கூடாது என்பதை மட்டும் அந்தக் கியர்பெட்டியின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டியூபிங்கை வெளியே எடுக்கும்போது, பம்பின் வாயைக் கேசிங்கில் துளையிட்ட பகுதிக்குக் கீழே இறக்க முடியுமா, நல்ல கேஸ் ஆங்கர் (வாயுவைப் பிரிக்கும் அமைப்பு) போட முடியுமா என்று கிணற்றுப் பொறியாளரிடம் கேளுங்கள்.

அதுவரை, பிளஞ்சர் கீழே வந்து நிற்கும்போது ஸ்டாண்டிங் வால்வுக்கு மேல் இருக்கும் இடைவெளியைக் குறைத்தால் வாயு அதிகம் அமுங்கி டிராவலிங் வால்வ் விரைவாகத் திறக்கும். கிளாம்பைச் சிறிது சிறிதாக இடம் மாற்றி ராடுகளை இறக்குங்கள். பம்புக் கார்டின் இடது கீழ் மூலையில் லோடு திடீரெனக் குறைந்து ஒரு கொம்பு தெரிந்தால் பிளஞ்சர் அடியில் தட்டுகிறது. உடனே சற்று உயர்த்திவிட வேண்டும்.

அலைநோக்கி (மறுமொழி)

2,700 கிலோ குறித்துக் கவலை வேண்டாம், சுழியம் நகரவில்லை. நின்ற நிலையில் அளப்பது எடையை மட்டுமே. ஓடும்போது ராடுகளின் முடுக்கமும் சேர்கிறது. 2.2 மீட்டர் ஸ்ட்ரோக்கும் நிமிடத்திற்கு 8 என்ற வேகமும் சேர்ந்தால் உச்ச முடுக்கம் ஈர்ப்பின் 8 விழுக்காட்டுக்கு அருகில் வரும். 3,645 கிலோ ராடுகளுக்கு அது 290 கிலோ. கீழே இறங்கத் தொடங்கும்போது அந்த அளவு கழிந்து, ராடில் ஓடும் அதிர்வலைகளும் ஸ்டஃபிங் பாக்ஸின் உராய்வும் இன்னும் கொஞ்சம் கழிக்கும். ஆகவே 2,700 பொருத்தமான எண்தான். சுழியத்தைச் சரிபார்க்க எப்போதும் நின்ற நிலை எண்களையே ஒப்பிடுங்கள். கார்டின் உச்சத்தையும் தாழ்வையும் அதற்குப் பயன்படுத்த வேண்டாம். புதிய கேபிளைக் கட்டும்போது, கேரியர் பார் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் நிலையிலும் இணைப்பானுக்குக் கீழே ஒரு தொங்கல் இருக்குமாறு விடுங்கள். மழைநீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், ஊசிகள் வரை ஏறாது.